நானூறா, ஐந்நூறா? வாசகர் கேள்வி பதில்

இணையதளம் தகராறு செய்யும்போது திரையில் என்ன எண் வருகிறது என்று எழுதி அனுப்பச் சொல்லிப் போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். செட்டிநாட்டுப் பக்கமிருந்து மட்டுமே ஒரு கட்டு வந்துவிட்டது. பலகாரக் கடை, அரிசி ஆலை, பழம்பொருள் கடை, கல்லூரிப் பிள்ளைகள், வீட்டில் இருக்கும் ஆச்சிமார் என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன், சிலவற்றுக்கு ஒரு வரிதான் பதில், கோபிக்க வேண்டாம்.

கே: மின்கட்டணம் கட்ட ஒரு தளத்துக்குள் போனேன். கார்டு நம்பர் கொடுத்து, ஓடிபியும் போட்ட பிறகு வெள்ளைத் திரையில் '502 பேட் கேட்வே' என்று வந்து நின்றுவிட்டது. பணம் போனதா இல்லையா தெரியவில்லை. சிங்கப்பூரிலிருந்து மகன் 'ரெஃப்ரெஷ் பண்ணுங்க ஆத்தா' என்கிறான். பண்ணலாமா? (தேவகோட்டை வாசகி)

ப: பண்ணாதீர்கள் ஆச்சி. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

நீங்கள் பிரவுசரில் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் சர்வர் (தளத்தை வைத்திருக்கும் கம்ப்யூட்டர்) அனுப்பும் பதிலின் தலையில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். பக்கம் ஒழுங்காக வந்தால் அந்த எண் 200. அதை யாரும் நமக்குக் காட்டுவதில்லை, அதனால் இருப்பதே தெரியாது. தகராறு வந்தால்தான் கண்ணில் படும். மூன்று இலக்கத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, முதல் இலக்கத்தைப் பார்த்தால் முக்கால்வாசி விஷயம் முடிந்தது. 2 என்றால் கேட்டது நடந்தது. 3 என்றால் இங்கே இல்லை, வேறு இடத்தில் பார் (304 மட்டும் வேறு ரகம், கீழே வருகிறது). 4 என்றால் நீங்கள் கேட்டதில் ஏதோ சரியில்லை. 5 என்றால் நீங்கள் கேட்டது சரிதான், எங்கள் பக்கம் கோளாறு. 1-ல் தொடங்குபவையும் உண்டு, அவை சர்வரும் பிரவுசரும் தங்களுக்குள் பேசிக்கொள்வது, நமக்கு வேலையில்லை.

உங்களுக்கு வந்தது 5-ல் தொடங்குகிறது. ஆக உங்கள் கார்டிலோ, போனிலோ, நீங்கள் தட்டியதிலோ தப்பில்லை. 502 ஏன் வருகிறது என்றால், பெரிய தளங்களில் நம்மிடம் பேசும் சர்வர் ஒன்று, உள்ளே கணக்கு வழக்கைப் பார்க்கும் சர்வர் வேறு. நம்ம ஊர் வீட்டில் முகப்பில் உட்கார்ந்திருப்பவரிடம் நாம் ஒன்று கேட்க, அவர் இரண்டாம் கட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போன ஆள் தலையும் வாலும் புரியாத பதிலைக் கொண்டுவந்தாலோ, உள்கதவே திறக்கவில்லை என்றாலோ முகப்பில் இருப்பவர் சொல்வது 502. போன ஆள் வரவே காணோம், காத்திருந்து பார்த்துவிட்டேன் என்று அவர் சொன்னால் அது 504. பல தளங்களில் முகப்பு வேலை பார்க்கும் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள், யாரும் மாற்றி வைக்காவிட்டால், 60 விநாடி மௌனத்துக்கு அப்புறம் கைவிட்டுவிடும்.

இதில் ஆபத்தான இடம் ஒன்று இருக்கிறது. 502-ஐயோ 504-ஐயோ வைத்து உள்ளே வேலை நடந்ததா என்று சொல்ல முடியாது. பணம் எடுத்து வரவு வைத்த பிறகு பதில் வரும் வழியில் அறுந்திருக்கலாம், அல்லது உள்ளே எதுவும் தொடங்கவே இல்லாமல் இருக்கலாம், இரண்டுக்கும் திரையில் ஒரே எண்தான். அந்த நேரத்தில் ரெஃப்ரெஷ் அழுத்தினால் பிரவுசர் பழைய விண்ணப்பத்தை அப்படியே இன்னொரு முறை அனுப்பப் பார்க்கும். 'படிவத்தை மீண்டும் அனுப்பவா' என்று ஒரு பெட்டி வந்து கேட்பது அதனால்தான். ஒழுங்காகக் கட்டிய தளம் பணம் வாங்கி முடித்ததும் 303 என்ற எண்ணைக் கொடுத்து ரசீதுப் பக்கத்துக்கு அனுப்பிவிடும், அங்கே எத்தனை முறை ரெஃப்ரெஷ் செய்தாலும் ரசீதுதான் திரும்ப வரும். உங்களுக்கு அந்த ரசீதுப் பக்கம் வரவே இல்லையே.

எனவே முதலில் வங்கிக் குறுஞ்செய்தியைப் பாருங்கள். பணம் கழிந்திருந்தால் அந்தத் தாவலை மூடிவிட்டுப் புதிதாக உள்ளே போய்க் கட்டண வரலாற்றைப் பாருங்கள். அங்கே ஏறியிருந்தால் வேலை முடிந்தது. ஏறவில்லை என்றால் ஒரு நாள் பொறுங்கள், பெரும்பாலும் ஏறிவிடும் அல்லது திரும்பிவிடும். கணக்கில் கழிந்து, வாங்க வேண்டியவருக்கு உறுதி போய்ச் சேராத இணையப் பரிவர்த்தனைகளுக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு விதி போட்டிருக்கிறது. பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு 5 நாட்களுக்குள் பணம் திரும்ப வர வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வங்கியில் போய்ப் பேசும்போது இதைச் சொல்லுங்கள், 502 வந்த திரையைப் படம் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. மகனிடமும் சொல்லி வையுங்கள்.

கே: எங்கள் ஆலைக்கு நெல் வரத்து விலை பார்க்கும் தளம் காலையிலிருந்து வரவில்லை. எண் எதுவும் காட்டவில்லை, 'இந்தத் தளத்தை அணுக முடியவில்லை' என்று மட்டும் சாம்பல் நிறத்தில் வருகிறது. இது எந்த எண்ணில் சேரும்? (புதுவயல் வாசகர்)

ப: எதிலும் சேராது அண்ணே. எண் என்பது சர்வர் சொல்வது. எண்ணே இல்லை என்றால் சர்வர் வாய் திறக்கவில்லை என்று அர்த்தம், அந்தச் சாம்பல் பக்கத்தை எழுதியது உங்கள் பிரவுசர். ஒன்று உங்கள் இணைப்பு போயிருக்கும், அல்லது தளத்தின் பெயரை எண்ணாலான ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் சிக்கல், அல்லது அந்தச் சர்வரே படுத்துவிட்டது. போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். அதில் வந்தால் கோளாறு ஆலை இணைப்பில். அதிலும் வரவில்லை, மற்ற தளங்கள் எல்லாம் வருகின்றன என்றால் கோளாறு அவர்களிடம். டொமைன் பெயரை, அதாவது தளத்தின் பதிவு செய்த பெயரை, புதுப்பிக்க மறந்துவிட்டாலும் இப்படி நடக்கும், அது நினைப்பதை விட அடிக்கடி நடக்கிறது.

கே: பலகாரக் கடைக்குப் புது வெப்சைட் போட்டோம். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உள்ள வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் வைத்திருந்த பழைய லிங்க்கைத் தட்டினால் 404 வந்தது. தளம் செய்து கொடுத்த பையனிடம் சொன்னதும் பழைய லிங்க் எல்லாவற்றையும் முதல் பக்கத்துக்குத் திருப்பிவிட்டான். இப்போது 404 இல்லை, ஆனால் ஆர்டரும் இல்லை. 301 போடவா 302 போடவா என்று கேட்கிறான். எனக்கு என்ன தெரியும்? (காரைக்குடி, பலகாரக் கடைக்காரர்)

ப: அந்தப் பையன் செய்தது பாதி வேலை. 404 என்றால் நீங்கள் கேட்ட முகவரியில் எதுவும் இல்லை என்று சர்வர் சொல்வது. தளம் மாறியபோது முகவரிகளும் மாறின, பழைய முகவரி சும்மா கிடக்கிறது. அதைச் சரிசெய்யப் பழைய பக்கம் ஒவ்வொன்றையும் அதற்கு நேரான புதுப் பக்கத்துக்குத் திருப்ப வேண்டும். மணகோலம் கேட்டவர் மணகோலத்துக்குத்தான் போக வேண்டும், சீப்புச் சீடை கேட்டவர் சீப்புச் சீடைக்கு. எல்லாரையும் முதல் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் ஈப்போவில் இருக்கிற எழுபது வயதுக்காரர் அங்கிருந்து தேடிக் கண்டுபிடிக்க மாட்டார், போனை வைத்துவிடுவார். கூகுளும் இப்படிச் சம்பந்தமில்லாத திருப்பலை ஏறக்குறைய 404 போலவே எடுத்துக்கொள்கிறது, ஆகப் பழைய லிங்க் சம்பாதித்து வைத்த பெயரும் போகும்.

301-க்கும் 302-க்கும் வித்தியாசம் இதுதான். 301 நிரந்தரமாக இடம் மாறியாயிற்று என்று சொல்கிறது, 302 தற்போதைக்கு அங்கே போ என்று சொல்கிறது. தளம் மாறியதற்கு 301தான் சரி. தீபாவளி சீசனுக்கு மட்டும் ஒரு தனிப் பக்கத்துக்கு அனுப்புகிறீர்கள் என்றால் 302. ஆனால் ஒன்று: 301-ஐப் பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும், அடுத்த முறை சர்வரைக் கேட்காமலேயே புது முகவரிக்கு ஓடிவிடும். தப்பான இடத்துக்கு 301 போட்டுவிட்டு மறுநாள் நீங்கள் திருத்தினாலும், நேற்று தட்டியவர்களின் போனில் பழைய தப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும். அதனால் நான் யாருக்கும் சொல்வது, முதலில் 302 போட்டு நாலு லிங்க்கைத் தட்டிப் பாருங்கள், எல்லாம் சரியான இடத்துக்குப் போகிறது என்று உறுதியானதும் 301 ஆக்குங்கள். ஆர்டர் படிவம் அனுப்பும் முகவரியும் மாறியிருந்தால் பையனிடம் 308 என்று சொல்லுங்கள், அவனுக்குப் புரியும். 301-லும் 302-லும் பிரவுசர்கள் படிவத்தில் நிரப்பியதை வழியில் போட்டுவிட்டு வெறுங்கையோடு போகும் பழக்கம் ஆரம்ப காலத்திலிருந்தே இருக்கிறது, 307-ம் 308-ம் அதைத் தடுக்க வந்தவை.

அவன் சரியாகச் செய்திருக்கிறானா என்று நீங்களே பார்த்துவிடலாம். கடைக் கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். பக்கவாட்டில் ஒரு பெட்டி திறக்கும், அதில் 'நெட்வொர்க்' என்ற தாவல். 'பிரிசர்வ் லாக்' என்ற சதுரத்தில் டிக் போட்டுவிட்டுப் பழைய லிங்க்கை முகவரிப் பட்டையில் ஒட்டி என்டர் தட்டுங்கள். வரிசையாகப் பெயர்கள் ஓடும், பயப்பட வேண்டாம், மேலே ஏறிப் போய் முதல் வரியைப் பாருங்கள். 'ஸ்டேட்டஸ்' என்ற பத்தியில் 301 இருக்க வேண்டும், அடுத்த வரியில் 200. அந்த 301 வரியைத் தட்டினால் 'லொக்கேஷன்' என்று எழுதி எங்கே அனுப்பியது என்பதும் இருக்கும். 301, 301, 302, 200 என்று நாலு தாவு தாவிப் போனால் வேலை அரைகுறை, ஒரே தாவில் போகும்படி செய்யச் சொல்லுங்கள். ஹோஸ்டிங் (தளத்துக்கு இடம் தரும் நிறுவனம்) பக்கம் ஒருவரும், தளம் கட்டும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் சேர்க்கும் பிளகின் என்ற துணை நிரலில் இன்னொருவரும் எதிரும் புதிருமாகத் திருப்பி வைத்தால் பிரவுசர் இரண்டுக்கும் நடுவே சுற்றிச் சுற்றி வரும், குரோம் 20 தாவு வரை பொறுத்துப் பார்த்துவிட்டு 'அளவுக்கு மீறித் திருப்பிவிட்டது' என்று நின்றுவிடும்.

எவ்வளவு காலம் இந்தத் திருப்பலை வைத்திருக்க வேண்டும்? கூகுள் குறைந்தது ஒரு வருடம் என்கிறது. என்னைக் கேட்டால் கடை இருக்கும் வரை வைத்திருங்கள், அதற்குச் செலவு ஒன்றும் இல்லை, வாட்ஸ்அப்பில் சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர் அனுப்பிய லிங்க் எந்தக் காலத்தில் யார் கையில் தட்டுப்படும் என்று யார் கண்டது.

இன்னொன்று. உங்கள் தளத்தில் இல்லாத ஏதாவது ஒரு முகவரியை வேண்டுமென்றே தட்டிப் பார்த்தேன். 'மன்னிக்கவும், பக்கம் இல்லை' என்று அழகாகப் படம் போட்டு வருகிறது, ஆனால் எஃப்12-ல் பார்த்தால் ஸ்டேட்டஸ் 200. வாய் இல்லை என்கிறது, எண் இருக்கிறது என்கிறது. மனிதர்கள் படத்தைப் படிப்பார்கள், கூகுள் எண்ணைத்தான் முதலில் படிக்கும். அதையும் 404 ஆக்கச் சொல்லுங்கள்.

கே: 404 என்ற பெயர், வலை பிறந்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் 404-ஆம் எண் அறையில் சர்வர் இருந்ததால் வந்தது என்று படித்தேன். நிஜமா? (கோட்டையூர் வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ப: கதை ஐயா, நல்ல கதை. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீயோடு சேர்ந்து வேலை பார்த்த ராபர்ட் கையோவே இதைக் கட்டுக்கதை என்று சொல்லிவிட்டார். 4-ல் தொடங்கும் வரிசையில் 403-க்கு அடுத்து வந்த எண், அவ்வளவுதான். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறைக்கு எச்டிடிபி என்று பெயர், 1991-ல் இருந்த முதல் எச்டிடிபியில் இந்த எண்களே கிடையாது, பக்கம் இல்லை என்றால் இல்லை என்று ஒரு பக்கமாக எழுதி அனுப்பிவிடும், அதை மனிதர் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். எண்கள் அதற்கு அடுத்த வருடங்களில் வந்தன, 1996 மே மாதம் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்தில் முறையாக ஏறின.

மூன்று இலக்க எண்ணில் பதில் சொல்லும் வழக்கம் வலைக்கு முன்னாலேயே உண்டு. மின்னஞ்சலுக்கான எஸ்எம்டிபி விதிமுறை 1982-ல் வந்தது, அதில் 250 என்றால் சரி, 550 என்றால் அப்படி ஒரு அஞ்சல்பெட்டி இல்லை. நீங்கள் அனுப்பிய மெயில் திரும்பி வந்தால் உள்ளே 550 என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அங்கே 4 என்றால் தற்காலிகத் தடை, 5 என்றால் முடியவே முடியாது, வலையில் இருப்பது போல 'உன் தப்பு, என் தப்பு' பிரிவு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கே: வளாகத் தேர்வில் 401-க்கும் 403-க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள். இரண்டும் அனுமதி இல்லை என்பதுதானே என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். (பள்ளத்தூர், கல்லூரி மாணவி)

ப: இதற்காக விட்டுவிடமாட்டார்கள் தங்கச்சி, வேறு ஏதாவதும் இருந்திருக்கும். 401 வந்தால், நீ யார் என்றே எனக்குத் தெரியவில்லை, முதலில் லாகின் செய்து வா என்கிறது. 403 வந்தால், நீ யாராக இருந்தாலும் சரி, இது உனக்கு இல்லை என்கிறது. 401-க்கு மறுபடி லாகின் செய்தால் பலன் உண்டு, 403-க்கு எத்தனை முறை பாஸ்வேர்டு போட்டாலும் பலன் இல்லை. விதிமுறைப்படி 401 அனுப்பும் சர்வர் எந்த முறையில் அடையாளம் காட்ட வேண்டும் என்பதையும் ஒரு ஹெடரில் (பதிலின் தலையில் போகும் குறிப்பு) சேர்த்து அனுப்பியாக வேண்டும், அடுத்த நேர்காணலில் இதையும் சொல்லிப் பாருங்கள், நிமிர்ந்து உட்காருவார்கள்.

நடைமுறையில் 403 பல வேடத்தில் வரும். சர்வரில் ஒரு ஃபைலின் அனுமதி தப்பாக வைக்கப்பட்டிருந்தால் வரும். சில இந்தியத் தளங்கள் வெளிநாட்டு ஐபி முகவரியிலிருந்து வருபவர்களை வாசலிலேயே 403 காட்டி நிறுத்திவிடும். பினாங்கில் இருக்கும் சித்தப்பா ஊரில் உள்ள நிலத்துக்குப் பட்டா பார்க்க முடியவில்லை என்று அலுத்துக்கொள்வது இதனாலும் இருக்கலாம், அவர் கம்ப்யூட்டரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. வேறு சில இடங்களில் 403 சொல்ல வேண்டிய நேரத்தில் வேண்டுமென்றே 404 சொல்வார்கள். நிரல் எழுதுபவர்கள் தங்கள் நிரலைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் அடுத்தவருடைய தனிப்பட்ட ரெப்போவின் (நிரல் தொகுப்பு) முகவரியைத் தட்டினால் 404தான் வரும். அனுமதி இல்லை என்று சொன்னால் அங்கே ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், அதற்குப் பதில் ஒரேயடியாக இல்லை என்றே சாதித்துவிடுகிறார்கள். விதிமுறையும் இதை அனுமதிக்கிறது. ஆக எண் என்பது சர்வர் நம்மிடம் சொல்ல விரும்பியது, அவ்வளவுதான்.

கே: பழைய வீட்டின் ஒரு பகுதியைத் தங்கும் விடுதியாக நடத்துகிறோம். தளத்தில் அறை வாடகையை மாற்றிவிட்டேன். என் போனில் புது விலை, வருபவர்கள் காட்டும் போனில் பழைய விலை. தினமும் வாக்குவாதம். எஃப்12 பார்த்தேன், எல்லாம் 200 என்கிறது, சில இடத்தில் 304. (கானாடுகாத்தான் வாசகி)

ப: நீங்கள் எஃப்12 வரை போனதே பெரிய விஷயம். 304-ஐ முதலில் பார்ப்போம். பிரவுசர் ஒரு முறை வாங்கிய பக்கத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது, அதைத்தான் கேஷ் என்கிறார்கள். அடுத்த முறை, 'என்னிடம் இந்தப் பிரதி இருக்கிறது, மாறிவிட்டதா' என்று சர்வரைக் கேட்கும். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்று மட்டும் சொல்லும், பக்கத்தை மறுபடி அனுப்பாது. டேட்டா மிச்சம், நேரம் மிச்சம். இது கோளாறே இல்லை, சமத்தான ஏற்பாடு.

உங்கள் வில்லன் அந்த 200-களில் ஒளிந்திருக்கிறான். நன்றாகப் பாருங்கள், சில 200 மங்கலான நிறத்தில் இருக்கும், பக்கத்தில் 'டிஸ்க் கேஷ்' என்றோ 'மெமரி கேஷ்' என்றோ எழுதியிருக்கும். அது சர்வர் இப்போது சொன்ன 200 இல்லை, என்றைக்கோ சொன்னதைப் பிரவுசர் எடுத்துக் காட்டுகிறது. உங்கள் சர்வர் பக்கத்தை அனுப்பும்போதே 'இதை இவ்வளவு நாளைக்கு வைத்துக்கொள், கேட்க வேண்டாம்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறது, அந்தக் கெடு முடியும் வரை வாடிக்கையாளரின் போன் உங்கள் சர்வரை எட்டிக்கூடப் பார்க்காது. கேஷை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஏற்ற, அவர்களிடம் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் அழுத்தச் சொல்ல முடியுமா? போனில் அந்தப் பட்டன்களும் இல்லை.

தளத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் விலைப் பக்கத்துக்கு 'நோ-கேஷ்' என்று ஹெடர் வைக்கச் சொல்லுங்கள். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டுவிட்டுக் காட்டு என்றுதான் அதற்குப் பொருள். விலை மாறாத நாளில் 304 போகும், மாறிய நாளில் புதுப் பக்கம் போகும். ஆத்தங்குடி ஓடு, தேக்குத் தூண் எல்லாம் பளபளக்கும் அந்தப் பெரிய படங்களுக்கு நீண்ட கெடு இருக்கட்டும், படம் மாறினால் ஃபைலின் பெயரையும் மாற்றிவிட்டால் போதும். ஏற்கனவே பழைய விலையைச் சுமந்துகொண்டிருப்பவர்களுக்கு ஒன்றும் செய்ய முடியாது, கெடு முடியும் வரை அவர்கள் போனில் உள்ள விலைக்கே அறையைக் கொடுத்துவிடுங்கள், விருந்தாளியோடு சண்டை எதற்கு.

கே: பிளஸ் டூ ரிசல்ட் அன்று ஒரு தளத்தில் 503, இன்னொன்றில் 429. நான், அண்ணன், அப்பா மூன்று பேரும் மூன்று போனில் மாற்றி மாற்றி அழுத்தினோம். (திருப்பத்தூர் வாசகர், மாணவர்)

ப: அழுத்தினதில்தான் தம்பி 429 வந்தது. 503 என்றால் இப்போது என்னால் முடியவில்லை, கூட்டம் அதிகம் அல்லது பராமரிப்பு நடக்கிறது, அப்புறம் வா. 429 உன்னைக் குறித்துச் சொல்வது: நீ கேட்டது போதும், கொஞ்சம் நிறுத்து. 2012-ல்தான் இந்த எண் விதிமுறையில் சேர்ந்தது. ஒரே வைஃபையில் மூன்று போன் இருந்தால் பல தளங்களின் கண்ணுக்கு எல்லாம் ஒரே ஐபி, ஒரே ஆள். இரண்டு எண்ணோடும் 'எத்தனை விநாடி கழித்து வா' என்று ஒரு ஹெடர் அனுப்பும் வசதி உண்டு, ஆனால் பிரவுசர் அதை உங்களுக்குக் காட்டாது, எஃப்12-ல் போய்த் தேட வேண்டும். அந்தப் பதற்றத்தில் யார் தேடுவார்கள். பள்ளியில் பதிவு செய்த செல்பேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக மதிப்பெண் வரும், டிஜிலாக்கரிலும் கிடைக்கும், அதைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தளத்துக்குப் போங்கள்.

கே: எங்கள் ஊர்க் கோயில் திருப்பணிக் குழுவுக்கு வேர்ட்பிரஸ்ஸில் ஒரு தளம் வைத்திருக்கிறோம். நன்கொடைக்கு ஒரு பிளகின் போட்டேன், மொத்தத் தளமும் 500 ஆகிவிட்டது. உள்ளே நுழையவே முடியவில்லை. கும்பாபிஷேகத் தேதி நெருங்குகிறது. (வயிரவன்பட்டி அருகிலிருந்து ஒரு வாசகர்)

ப: 500 என்றால் உள்ளே ஏதோ உடைந்தது, என்ன என்று சொல்ல மாட்டேன் என்று பொருள். எண்களிலேயே ரொம்ப உதவாத எண் இதுதான், ஆனால் அது மூடி மறைப்பதற்கும் நியாயம் இருக்கிறது, உள்ளே என்ன உடைந்தது என்பதை ஊருக்கெல்லாம் காட்டினால் திருடனுக்கும் வழி தெரிந்துவிடும். காரணம் பெரும்பாலும் சர்வரின் எர்ரர் லாகில், அதாவது பிழைக் குறிப்பேட்டில், எழுதப்பட்டிருக்கும்.

உங்களுக்குக் காரணமே தெரியும், அந்தப் பிளகின். முதலில் நிர்வாகி என்று பதிவு செய்த மின்னஞ்சலைப் பாருங்கள், ஸ்பேம் பெட்டியையும் சேர்த்து. 2019-ல் வந்த 5.2 பதிப்பிலிருந்து இப்படி முறிந்தால் வேர்ட்பிரஸ் ஒரு மீட்பு லிங்க்கை அனுப்பும், அதன் வழியாக உள்ளே போய்ப் பிளகினை நிறுத்தலாம். மெயில் வரவில்லையா, ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஃபைல் மேனேஜருக்குள் போய், பிளகின்கள் இருக்கும் ஃபோல்டரில் புதிதாகச் சேர்த்த அந்த ஒன்றின் ஃபோல்டர் பெயரை மட்டும் மாற்றுங்கள், கடைசியில் ஒரு எழுத்து சேர்த்தால் போதும். வேர்ட்பிரஸ் அதைக் காணாமல் தானாக அணைத்துவிடும், தளம் எழுந்துவிடும். அதற்கும் எழவில்லை என்றால் சர்வருக்கான கட்டளைகள் இருக்கும், புள்ளியில் பெயர் தொடங்கும் எச்டிஆக்சஸ் ஃபைலைப் பாருங்கள், பிளகின்கள் அதில் கை வைப்பதுண்டு, அதில் ஒரு எழுத்து பிசகினால் அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருள் எல்லாவற்றுக்கும் 500 சொல்லும். கும்பாபிஷேகம் முடியும் வரை தளத்தில் புதிதாக எதையும் நிறுவாதீர்கள், நன்கொடைக்கு வங்கிக் கணக்கு எண்ணையும் க்யூஆர் படத்தையும் ஒரு பக்கத்தில் போட்டால் யாரும் கொடுக்காமல் இருக்கப் போவதில்லை.

கே: 402 என்றால் காசு கட்டு என்று அர்த்தமாமே, ஏன் யாருமே பார்த்ததில்லை? 418 என்றால் தேநீர்க் குடமாம், உண்மையா? (புதுவயல், கண்டனூர் வாசகர்கள்)

ப: இரண்டும் உண்மை. இணையத்தில் பணம் கட்டும் முறை ஒன்று வரும் என்று நினைத்து 402-ஐ ஆரம்பத்திலேயே ஒதுக்கி வைத்தார்கள், இன்றைய விதிமுறையிலும் அது 'பிற்காலத்துக்கு' என்றே இருக்கிறது, பணம் வேறு வழியில் வந்து சேர்ந்துவிட்டது. லேவாதேவியில் பேர் வாங்கிய ஊர்க்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டதில் ஆச்சரியமில்லை. 418 என்பது 1998 ஏப்ரல் 1 அன்று வெளியான கேலி விதிமுறை. காபி போடச் சொன்னால், நான் தேநீர்க் குடம், முடியாது என்று சொல்லும் எண். கேலி நிலைத்துவிட்டது, 2022-ல் வந்த புது விதிமுறையிலும் அந்த எண்ணை வேறு எதற்கும் கொடுக்காமல் ஒதுக்கியே வைத்திருக்கிறார்கள்.

கே: பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன். எனாமல் அடுக்கு, பெல்ஜியம் கண்ணாடி, பெட்டகம் என்று ஒவ்வொன்றுக்கும் தளத்தில் ஒரு பக்கம். விற்றதும் பக்கத்தை அழித்துவிடுகிறேன், 404 வருகிறது. 410 என்று ஒன்று இருக்கிறதாம், அதுதான் சரி என்கிறார் ஒருவர். (காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெரு)

ப: விதிமுறைப்படி அவர் சொல்வது சரி. 404 என்றால் இங்கே ஒன்றும் இல்லை, இருந்ததா, வருமா, எதுவும் சொல்வதற்கில்லை. 410 என்றால் இருந்தது, எடுத்துவிட்டோம், திரும்பி வராது. உங்களிடம் இருந்த அந்தப் பெட்டகத்துக்கு ஜோடி கிடையாது, ஆக 410தான் பொருத்தம். ஆனால் கூகுள் இரண்டையும் ஏறக்குறைய ஒன்றாகவே நடத்துகிறது, 410 போட மெனக்கெடுவதில் பெரிய லாபம் இல்லை.

என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம் அண்ணே, பக்கத்தை அழிக்கவே அழிக்காதீர்கள். 200-ஆகவே இருக்கட்டும். விலையை எடுத்துவிட்டு 'விற்றாகிவிட்டது' என்று மேலே போடுங்கள், படம் அப்படியே இருக்கட்டும், கீழே இதே மாதிரி இப்போது கையில் உள்ள மூன்று நான்கு சாமான்களின் லிங்க்கைக் கொடுங்கள். எனாமல் அடுக்கைத் தேடி வருபவர் கூகுளில் அந்தப் பழைய படத்தைப் பார்த்துத்தான் உங்கள் கடைக்கே வருகிறார். மறந்து போய் அழித்த பக்கங்கள் இருந்தால் தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் 404 பட்டியலைத் திறந்து பாருங்கள், அதில் இன்னும் ஆட்கள் வந்து தட்டிக்கொண்டிருப்பவற்றை மட்டும் மறுபடி ஏற்றுங்கள், மற்றவை 404-ஆகவே கிடக்கட்டும்.